காப்பிக் கடையில் யார் உட்காரலாம்?

(மகாராஜபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, இத்தாலி நாட்டின் பழைய காப்பிக் கடைகள். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு வத்திராயிருப்பில் ஒரு நண்பர் கேட்டார்: “மகாராஜபுரத்துக்காரங்களுக்கு வெனிஸ் காப்பிக் கடை எதுக்குங்க? தென்னையில வெள்ளை ஈ விழுந்து கிடக்கு, அதைப் பத்திப் பேசுனாலும் பிரயோசனம் உண்டு.” நியாயமான கேள்விதான். வெள்ளை ஈயைப் பற்றிப் பேச வேளாண்மைத் துறையில் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது காப்பி. அதைப் பேசிவிட்டுப் போகிறேன்.

அப்படி ஒன்றும் சம்பந்தமில்லாத தலைப்பும் இல்லை. மேற்கே தெரிகிற இந்த மலைத்தொடரில்தான் இந்தியக் காப்பியில் பெரும்பகுதி விளைகிறது. நமக்கு நேர் மேலே விளைவதில்லை. கொஞ்சம் வடக்கே தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம் போக வேண்டும். இன்னும் மேலே போனால் வயநாடு, குடகு, சிக்மகளூர். அங்கே விளைகிற கொட்டையை உலகத்திலேயே அதிகமாக வாங்குகிற நாடு எது தெரியுமா? பல வருஷங்களாக இத்தாலிதான். நம் ஆட்கள் மட்டம் என்று சொல்லும் ரொபஸ்டா கொட்டையை இத்தாலிக்காரன் தேடி வாங்குகிறான். எஸ்பிரெஸோவின் மேலே கெட்டியாக நுரை நிற்பதற்கு அது வேண்டும். ரோமாபுரியில் ஒருவர் காலையில் நின்றபடி விழுங்குகிற கோப்பையில் குடகு மலை கொஞ்சம் இருக்க வாய்ப்பு உண்டு.

காப்பி அங்கே எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியாவில் பிறந்து ஏமனில் பயிரான செடி. அரேபியர்கள் முளைக்கிற விதையை வெளியே விடமாட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடான் என்ற சூஃபி மெக்கா போய்த் திரும்பும்போது ஏழு விதைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது நம் பக்கத்துக் கதை. இத்தாலிக்கு விதையாகப் போகவில்லை, சரக்காகப் போனது. வெனிஸ் நகரத்து வியாபாரிகள் துருக்கியோடும் எகிப்தோடும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள். பாதுவா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மருத்துவர் ப்ரோஸ்பெரோ அல்பினி எகிப்துக்குப் போய்வந்து, 1592இல் வெளியிட்ட நூலில் இந்தச் செடியைப் பற்றி எழுதினார். முதலில் மருந்தாகத்தான் பார்த்தார்கள். அடுத்த நூற்றாண்டில் வெனிஸில் காப்பிக் கடைகள் வந்துவிட்டன.

இத்தாலியின் பழைய கடைகளில் பல போய்விட்டன. நெடுங்காலம் நின்ற மூன்று கடைகளைச் சொல்கிறேன். இந்த மூன்றுக்கும் நேர்ந்தது மூன்று விதம், அதனால்தான் இவற்றை எடுத்தேன்.

முதலாவது வெனிஸில் சான் மார்க்கோ சதுக்கத்தில் இருக்கும் ஃப்ளோரியன். 1720 டிசம்பர் 29ஆம் தேதி ஃப்ளோரியானோ ஃப்ரான்செஸ்கோனி என்பவர் திறந்தார். ‘வெற்றி வாகை சூடிய வெனிஸ்’ என்று ஆர்ப்பாட்டமாகப் பெயர் வைத்தார். ஊர் அதைச் சொல்லவில்லை. ஃப்ளோரியன் கடை என்று முதலாளி பெயரைத்தான் சொன்னது. எந்தப் பலகையை மாட்டினாலும் அண்ணாச்சி கடை அண்ணாச்சி கடைதானே!

இந்தக் கடைக்குப் பெண்களும் வரலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் இது சாதாரண விஷயம் இல்லை. கேசநோவா என்ற புகழ்பெற்ற மைனர் அங்கே அடிக்கடி போனதற்கு இதுதான் காரணம் என்பார்கள். மாணவர்கள் இருப்பதால் அந்தச் செய்தியை இத்தோடு விடுகிறேன். (சிரிப்பு) ‘கஸெட்டா வெனெட்டா’ என்று 1760இல் ஒரு பத்திரிகை வந்தது. அது கிடைக்கும் ஒருசில இடங்களில் ஃப்ளோரியனும் ஒன்று. பிறகு வெனிஸ் ஆஸ்திரியாவின் கைக்குப் போனது. அதே சதுக்கத்தில் எதிர்ச்சாரியில் க்வாத்ரி என்று இன்னொரு காப்பிக் கடை. ஆஸ்திரிய அதிகாரிகள் க்வாத்ரியில் உட்காருவார்கள், உள்ளூர்க்காரர்கள் ஃப்ளோரியனில். ஒருவன் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள எந்தக் கடையில் காப்பி குடிக்கிறான் என்று பார்த்தால் போதும். 1848இல் வெனிஸ் எழுச்சி கொண்டபோது காயம்பட்டவர்களை ஃப்ளோரியனின் அறைகளில் கிடத்தி வைத்தியம் பார்த்தார்கள். இன்று உலகமே போய்ப் பார்க்கிற வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சி இருக்கிறதே, 1895இல் தொடங்கியது, அதன் யோசனை இந்தக் கடையின் ஓர் அறையில் நடந்த பேச்சில் பிறந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டாவது எனக்குப் பிடித்தமானது. பாதுவா நகரத்துப் பெத்ரோக்கி. வெனிஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். கலிலியோ பாடம் நடத்திய பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தோனியோ பெத்ரோக்கி என்பவர் அப்பா விட்டுப்போன சின்னக் காப்பிக் கடையை வைத்திருந்தார். அக்கம்பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். யாப்பெல்லி என்ற பெரிய கட்டடக் கலைஞரைப் பிடித்து, கோயில் கட்டுகிற மாதிரித் தூண்கள் வைத்து ஒரு காப்பிக் கடை கட்டினார். 1831இல் திறந்தது. கீழே வெள்ளை, சிவப்பு, பச்சை என்று வரிசையாகக் கூடங்கள். இந்தக் கடைக்கு ‘கதவில்லாத காப்பிக் கடை’ என்று பெயர். காரணம், ராத்திரி பகல் எந்நேரமும் திறந்திருக்கும். ஒன்றிரண்டு வருஷம் இல்லை, 1916 வரைக்கும், எண்பத்தைந்து வருஷம் அப்படி நடந்திருக்கிறது.

இதில் பச்சைக் கூடத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். அங்கே யார் வேண்டுமானாலும் வரலாம், உட்காரலாம், அங்கிருக்கும் பத்திரிகையைப் படிக்கலாம். ஒரு காப்பிகூட வாங்க வேண்டாம். “என்ன சாப்பிடறீங்க?” என்று எவரும் வந்து நிற்கமாட்டார்கள். கையில் காசில்லாத மாணவன் குளிர்காலத்தில் போய்ச் சூடான அறையில் உட்கார்ந்து புத்தகம் படித்துவிட்டு எழுந்து போகலாம். இதை வியாபாரியாக நினைத்துப் பாருங்கள். கடைக்குள் ஒரு கூடத்தையே காசு கொடுக்காதவனுக்கு ஒதுக்கிவைக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? பெத்ரோக்கி அதில் நஷ்டப்பட்டதாகவும் தெரியவில்லை. படிப்பு முடித்து உத்தியோகத்துக்குப் போனவன் வெள்ளைக் கூடத்துக்கு வந்திருப்பான் என்பது என் ஊகம்.

அந்த வெள்ளைக் கூடத்துச் சுவரில் ஒரு துப்பாக்கிக் குண்டின் தடம் இருக்கிறது. 1848 பிப்ரவரி 8ஆம் தேதி மாணவர்கள் ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியபோது சிப்பாய்கள் கடைக்குள்ளேயே சுட்டார்கள். சுவரை இன்றுவரை பூசவில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவைத்து அப்படியே காப்பாற்றி வருகிறார்கள். நம் ஊராக இருந்தால் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்திருப்போம்.

அந்தோனியோவுக்குப் பின் வளர்ப்பு மகன் தொமேனிகோ நடத்தினார். 1891இல் அவர் இறந்தபோது கடையைப் பாதுவா நகராட்சிக்கு எழுதிவைத்துவிட்டார், காப்பிக் கடையாகவே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்த உயில் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ரோமில் கோந்தோத்தித் தெருவின் கிரேக்கோ. 1760ஆம் ஆண்டுக் கடை. கதே, கீட்ஸ், பைரன் என்று பாடப்புத்தகத்தில் நாம் பார்த்த பெயர்களில் பாதிப் பேர் அங்கே வந்துபோனவர்கள். கட்டடம் ஒரு மருத்துவமனைக்குச் சொந்தம். குத்தகை 2017இல் முடிந்தது. அந்தத் தெரு இன்று உலகத்திலேயே விலை உயர்ந்த துணிக்கடைகளும் நகைக்கடைகளும் இருக்கிற தெரு. மருத்துவமனை வாடகையைப் பல மடங்கு கூட்டிக் கேட்டது. கடை மறுத்தது. வருஷக்கணக்காக நீதிமன்றத்தில் நடந்தது. கதே உட்கார்ந்த நாற்காலி என்று சொல்லி வாடகையைக் குறைக்க முடியாது. ஃப்ளோரியனுக்கு வேறு மாதிரி ஒரு நெருக்கடி. 2020 டிசம்பரில் முந்நூறாவது பிறந்தநாள். கொரோனாவால் சதுக்கத்தில் ஈ காக்காய் இல்லை. பிழைக்குமா என்ற நிலைமையில்தான் அந்த நாளைக் கொண்டாடினார்கள்.

கட்டடத்தை விட்டுவிட்டு ஒரு பத்திரிகைக்கு வருகிறேன். 1764இல் மிலானில் பியெத்ரோ வெர்ரி என்ற இளைஞர் நண்பர்களோடு சேர்ந்து ‘இல் கஃபே’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். பத்து நாளைக்கு ஓர் இதழ். தெமெத்ரியோ என்ற கிரேக்கர் நடத்தும் கற்பனைக் காப்பிக் கடை ஒன்று. அங்கே வருகிறவர்கள் பேசிக்கொள்வதைத் தாங்கள் எழுதுவதாக ஒரு பாவனை. இரண்டே வருஷம்தான் வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் பெக்காரியா. அதே 1764இல் சித்திரவதையும் மரண தண்டனையும் கூடாது என்று அவர் எழுதிய சிறு நூல் ஐரோப்பாவின் குற்றவியல் சட்டங்களையே அசைத்தது. காப்பி குடித்ததால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு நோக்கத்தோடு கூடாமல், அவசரம் இல்லாமல், பலதரப்பட்ட ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்தது என்று சொல்வேன்.

ஆட்சியாளர்களுக்கு இது முதலிலேயே புரிந்திருக்கிறது. 1675 டிசம்பரில் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் காப்பிக் கடைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டார். அங்கே உட்கார்ந்து அரசாங்கத்தைப் பற்றி வம்பு பேசுகிறார்கள் என்பது காரணம். எதிர்ப்பு தாங்காமல் சில நாளிலேயே வாபஸ் வாங்கினார். டெல்லி கன்னாட் பிளேஸில் இருந்த காப்பி ஹவுஸ் அவசரநிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. அது வாபஸ் ஆகவில்லை.

இத்தாலியில் காப்பி எல்லோருக்குமானதாக ஆனது மெஷின் வந்த பிறகு. 1884இல் தூரின் நகரத்து மொரியோந்தோ நீராவியால் காப்பி இறக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1901இல் மிலானின் பெட்செரா, கேட்பவருக்குக் கேட்டபோது ஒவ்வொரு கோப்பையாக இறக்கும் மெஷினைச் செய்தார். 1940களின் பின்பாதியில் காஜ்ஜியா என்பவர் விசைக்கம்பியை இழுத்து அழுத்தம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் மேலே பொன்னிற நுரை வந்தது. அந்தப் பழைய மெஷின்களின் படத்தைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆளுயரத்துக்குப் பளபளவென்று நிமிர்ந்து நிற்கும் பித்தளை பாய்லர்! நம் டீக்கடையில் விபூதியும் குங்குமமும் வைத்துப் பூப்போட்டு நிற்கிறதே, அதற்கு அண்ணன் முறை. அடியில் கரி கனியும், பக்கத்துக் குழாயில் வெந்நீர் வரும். சில கடைகளில் தண்ணீருக்குள் ஒரு காசைப் போட்டுவைப்பார்கள். கொதி வந்தால் அது கிணுகிணுக்கும்.

மெஷின் வந்ததும் இத்தாலிக்காரர் நின்றுகொண்டே குடிக்கப் பழகினார். இன்றும் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. ஃப்ளோரியனில் வெளியே உட்கார்ந்தால் வாத்தியக்காரர்கள் வாசிக்கிற சங்கீதத்துக்குத் தனியாகக் காசு. அந்தப் புகழ்பெற்ற பழைய கடைகளில் இன்று உட்கார்ந்திருப்பவர்களில் வெளிநாட்டு யாத்ரிகர்களே அதிகம். உள்ளூர்த் தொழிலாளி பக்கத்துச் சந்தில் சின்னக் கடையில் நின்று குடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். அதனால் இத்தாலியை ஒரேயடியாகத் தூக்கிவைத்துப் பேச நான் தயாராக இல்லை. அங்கே நாற்காலி காசுள்ளவனுக்கு.

நம் ஊரில் நாற்காலி யாருக்கு? அங்கே வருவோம்.

தமிழ்நாட்டில் காப்பி சாதாரண வீடுகளுக்குள் நுழைந்து நூறு, நூற்றிருபது வருஷம்தான் இருக்கும். நீராகாரத்தையும் பழையதையும் தள்ளிவிட்டு வந்த சனியன் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் திட்டினார்கள். நரம்புத் தளர்ச்சி வரும், பெண்கள் கெட்டுப்போவார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். திட்டியவர்களும் குடித்தார்கள். ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று இதைப் பற்றி அருமையாக எழுதியிருக்கிறார். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். காப்பி நடுத்தர வர்க்கத்துப் பானமாகவும் டீ உழைப்பாளிகளின் பானமாகவும் எப்படிப் பிரிந்தன என்பதை அதில் பார்க்கலாம்.

நம் ஆட்கள் காப்பியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, தங்கள் வழிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு அடுக்குப் பித்தளை ஃபில்டர். மேலடுக்கில் புதிதாக அரைத்த பொடி, கொஞ்சம் சிக்கரி, லேசாக அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடிவிட வேண்டும். அவசரப்பட்டுத் தட்டக் கூடாது. பொடி நைசாகிப்போனால் இறங்காது, கொரகொரப்பாக இருந்தால் தண்ணீராக ஓடிவிடும். கீழே சொட்டுச் சொட்டாக இறங்குகிற முதல் டிகாஷன்தான் காப்பி. இரண்டாம் டிகாஷன் வேண்டாத விருந்தாளிக்கு. (சிரிப்பு) தண்ணீர் கலக்காத பாலைப் பொங்கக் காய்ச்சி, டிகாஷனில் ஊற்றி, டவராவுக்கும் டம்ளருக்கும் உயர்த்தி ஆற்றினால் நுரை தானாக வரும். காஜ்ஜியா மெஷினில் வரவழைத்த நுரையை நம் மாஸ்டர் கையாலேயே வரவழைத்துவிடுகிறார். பாலுக்கு நாம் எங்கேயும் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தப் பால் இந்தக் கிராமங்களின் பால்தான்.

இதெல்லாம் பெருமை. அடுத்துச் சொல்லப்போவது பெருமை இல்லை.

இந்தக் காப்பி வெளியே கிடைத்த இடத்துக்குப் பெயர் காப்பி கிளப். பெரும்பாலும் பிராமணர்கள் நடத்தியது. வாசலில் ‘பிராமணாள்’ என்று பலகை. உள்ளே அவர்களுக்குத் தனியிடம், மற்றவர்களுக்கு வேறிடம். தாழ்த்தப்பட்டவர்களுக்கு எந்த இடமும் இல்லை. ரயில் நிலையங்களில்கூடச் சிற்றுண்டிச் சாலையைப் பிராமணாள், இதராள் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரியார் இதை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார், பேசினார். 1941இல் ரயில்வேயில் அந்தப் பாகுபாடு நீங்கியது. 1950இல் நம் அரசியல் சட்டம் வந்தது. அதில் பதினைந்தாவது பிரிவைப் படித்துப் பாருங்கள்: கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் என்று பெயர் சொல்லி, இவற்றில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு தேசத்தின் மூலச் சட்டத்தில் ஹோட்டலைப் பற்றி எழுத வேண்டியிருந்திருக்கிறது. அம்பேத்கரும் மற்றவர்களும் சும்மா எழுதவில்லை.

சட்டம் வந்த பிறகும் பலகை இருந்தது. 1957 மே மாதம் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் பெரியாரின் மறியல் தொடங்கியது. தினமும் ஒரு குழு போய் நிற்கும், கைதாகும். மறுநாள் இன்னொரு குழு. மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் ‘பிராமணாள்’ என்ற சொல் பலகையிலிருந்து போனது.

அதே 1957. நாட்டின் இன்னொரு மூலையில் இன்னொரு காப்பிக் கடைப் போராட்டம். தோட்டங்களில் விளைந்த காப்பியை உள்நாட்டில் விற்பதற்காக 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் ஒரு காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. பிறகு காப்பி வாரியத்தின் கீழ் ஊர் ஊராக வந்தது. ஐம்பதுகளில் வாரியம் இவற்றை மூட முடிவெடுத்தது. பரிமாறுகிறவர்கள், சமைக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லோரும் நடுத்தெருவில் நிற்க வேண்டிய நிலை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் அந்தத் தொழிலாளர்களிடம் சொன்ன யோசனை: கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பிறந்தன. 1957 ஆகஸ்டில் பெங்களூரில் சங்கம், அக்டோபரில் டெல்லியில் கடை, 1958இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. இந்தியன் காப்பி ஹவுஸ் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரே வருஷத்தில், உள்ளே யார் உட்காரலாம் என்ற சண்டை சென்னையில். கடை யாருடையது என்ற சண்டை பெங்களூரிலும் டெல்லியிலும். என்னைப் பொறுத்தவரை இந்தியக் காப்பிக் கடையின் சரித்திரத்தில் 1957ஐவிட முக்கியமான வருஷம் இல்லை.

கல்கத்தாவில் கல்லூரித் தெருக் காப்பி ஹவுஸ் இருக்கிறது, புதுச்சேரியில் நேரு வீதியில் ஒன்று இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது திருவனந்தபுரத்தில். தென்காசி, செங்கோட்டை வழியாக நம் ஊர்க்காரர்கள் பத்மநாபசாமியைப் பார்க்கப் போகிறீர்கள் அல்லவா? தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே செங்கல்லால் கட்டிய ஒரு சுருள் கோபுரம் நிற்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. உள்ளே மாடிப்படியும் கிடையாது, மாடியும் கிடையாது. ஒரே சரிவுப் பாதை வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. சுவரோரமாகவே மேசையும் இருக்கையும் கட்டியிருக்கிறார்கள். செங்கலில் விட்ட ஓட்டைகள் வழியாக வெளிச்சம் வருகிறது. விசிறி மடிப்புத் தலைப்பாகை கட்டிய தோழர் காப்பி கொண்டுவந்து வைப்பார். வெளியே பஸ்ஸுக்கு நிற்கிற கூலிக்காரரும் தலைமைச் செயலக உத்தியோகஸ்தரும் ஒரே சரிவில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருப்பார்கள். காப்பி சுமார்தான். நம் டிகிரி காப்பி குடித்த நாக்குக்கு அது ஏறாது. அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் பெத்ரோக்கிக்கு நிகராகச் சொல்ல ஒரே ஓர் இடம் இருந்தது. சென்னை கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962இல் கே. கிருஷ்ணராவ் தொடங்கியது. மரங்கள் அடர்ந்த தோட்டம். காரில் வருகிறவர்களுக்கு ஜன்னலில் தட்டை மாட்டிவிடுவார்கள். காரில்லாத நாங்கள் உள்ளே போய் உட்காருவோம். எண்பதுகளில் ஒரு பத்திரிகையில் புருஃப் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காப்பிக்கு ஒரு மத்தியானம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் அங்கேயே கணக்கு எழுதுவார்கள். உதவி இயக்குநர்கள் கதை சொல்வார்கள். பெண் பார்க்கிற சம்பிரதாயம்கூட நடந்து பார்த்திருக்கிறேன். ‘எழுந்திரு’ என்று யாரும் சொன்னதில்லை. நிலம் அரசாங்கத்தைச் சேர்ந்தது. 2008இல் கடை மூடப்பட்டது. 2010இல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. நல்ல பூங்கா, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாதுவாவில் ஓர் உயில் செய்த வேலையை இங்கே செய்ய எந்தக் காகிதமும் இல்லை. நாற்காலியை யாரும் தனியாகக் காப்பாற்ற முடியாது. அது நிற்கிற தரை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையத்துக்கு நான்கு வழிச்சாலை வேலை தொடங்கினார்களே, பழைய சாலையோரத்து டீக்கடை பெஞ்சுகளில் எத்தனை இதற்குப் பிறகும் கிடக்கும் என்று நீங்களே பாருங்கள்.

பெஞ்ச் என்று சொன்னதும் விஷயம் நம் ஊருக்கு வந்துவிட்டது. நம் பகுதிக்குக் காப்பி ஹவுஸ் எது என்று கேட்டால் டீக்கடைதான். ராஜபாளையத்தில் 1936இல் மில் வந்ததிலிருந்து ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குக் கடையில் கூட்டம். இன்றைக்கும் விடியக்காலம் பஞ்சு மார்க்கெட் பக்கம் போனால் பார்க்கலாம். 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற தமிழ். அது டீக்கடை பெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. ஒரு பேப்பர் நாலு தாளாகப் பிரிந்து நாலு கைக்குப் போகும். ஒருவர் சத்தம்போட்டுப் படிப்பார், படிக்கத் தெரியாதவர் கேட்டுக்கொண்டிருப்பார். வெனிஸில் கஸெட்டா, இங்கே தந்தி.

அந்த பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்தார்களா? இல்லை என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். இரட்டை டம்ளர். ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருவருக்குத் தனியாகத் தொங்கவிட்ட டம்ளர் அல்லது சிரட்டை. குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். தரையில் குத்தவைத்துக் குடிக்க வேண்டும். இது தமிழ்நாடு முழுக்க நடந்த அநியாயம். ஒழிந்துவிட்டது என்று சொல்லலாமா? பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் ஒரே கப், குடித்தால் தூக்கிப்போடு. இரட்டை டம்ளர் சண்டையைத் தீர்க்காமலேயே அமுக்கிவிட்டது பேப்பர் கப். பிளாஸ்டிக் பூசிய கப்புக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. மறுபடி கண்ணாடி கிளாஸ் வருகிற இடங்களில் ஒரே மாதிரி கிளாஸ்தானா, எல்லோரும் பெஞ்சில்தானா என்று இளைஞர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஃப்ளோரியனிலிருந்து ஆரம்பித்தேன்.

வெனிஸில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பெண்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள். மகாராஜபுரத்தில் இன்று உட்காருகிறார்களா? நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார்கள் தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போகிறார்கள். நாற்று நடுகிறவர்கள் வரப்பில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி போகிற வெளியூர்ப் பெண்கள் தாணிப்பாறைப் பாதையில் பெஞ்சில் தாராளமாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் உட்காருவதில்லை. யாரும் பலகை மாட்டவில்லை. தடுக்கவும் இல்லை. கேட்டால் “அங்கன ஆம்பளைங்க இருப்பாங்கல்ல” என்பார்கள். ஊர்ப்பேச்சு, தேர்தல், விலைவாசி, ரேஷன், தண்ணீர் திறந்துவிடுவது எல்லாம் அந்த பெஞ்சில்தான் பேசித் தீர்க்கப்படுகிறது. பேசுகிற இடத்தில் பாதி ஊர் இல்லை.

அக்காமார்களே, மதினிமார்களே, கூட்டம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டாம். எதிர்க்கடை அண்ணாச்சியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவருக்கும் சம்மதம்தான். இரண்டு பெஞ்ச் போட்டிருக்கிறார், புதுப்பால் வந்திருக்கிறது. நீங்கள் முதலில் போய் உட்காருங்கள். ஆண்கள் இன்று ஒரு நாள் நின்று குடிக்கட்டும், இத்தாலிக்காரர்களைப் போல. காசு என்னுடையது. நாளைக்கு நானிருக்க மாட்டேன், நாளைக்கும் வந்து உட்காருங்கள்.